முதல் ஆறு வாரம்: தொடக்கப் பள்ளி ஓவிய வகுப்பைத் தொடங்கும் முறை

ஆண்டின் முதல் வகுப்பிலேயே பெயின்ட்டைத் திறக்க வேண்டாம். பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். இருந்தாலும் நான்காவது வாரம் முடியும் வரை பொறுத்திருங்கள். கிரேயானை எவ்வளவு அழுத்துவது, கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது, பிரஷ்ஷை எப்போது கழுவுவது என்ற மூன்றும் முதலில் கைக்கு வர வேண்டும். வந்துவிட்டால் மீதி ஆண்டு முழுக்க நிம்மதியாகப் படம் வரையலாம். வராமல் போனால் ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரம் கொட்டியதைத் துடைப்பதிலும் கிழிந்த தாளை மாற்றித் தருவதிலுமே போய்விடும். அதனால் வாரத்துக்கு ஒரு பொருளை மட்டும் அறிமுகப்படுத்துங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். கிரேயான் வேலைக்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் போதும். தண்ணீர் படும் வேலைக்கு அது உதவாது; நனைந்ததும் சுருண்டுகொள்ளும், இரண்டாம் முறை பிரஷ் பட்டால் மேல்பரப்பு உரிந்து திரி திரியாக வரும். பெயின்ட்டுக்கு 150 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேற்பட்ட டிராயிங் தாளை வாங்குங்கள்.

உருண்டை முனை பிரஷ் 8-ஆம் எண் ஆளுக்கு ஒன்று, 12 மில்லிமீட்டர் தட்டைப் பிரஷ் இருவருக்கு ஒன்று இருக்கட்டும். மெல்லிய 2-ஆம் எண் பிரஷ் இந்த வயதுக்கு வேண்டாம். அதைக் கொண்டு பெரிய இடத்தை நிரப்ப முயலும் பிள்ளை பொறுமை இழந்து தாளைத் தேய்க்கத் தொடங்கும்.

போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கும் போதும். கறுப்பை இப்போதைக்கு உள்ளே வையுங்கள். அது கண்ணில் பட்டால் எல்லாவற்றுக்கும் கறுப்புக் கோடு இழுப்பார்கள், ஈரத்தில் அது பரவி மற்ற நிறங்களையும் மங்கடித்துவிடும். சிவப்பை வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. ஆரஞ்சுச் சாயல் உள்ள சிவப்போடு நீலத்தைக் கலந்தால் ஊதா வராது, பழுப்புத்தான் வரும். அந்தச் சிவப்புக்குள்ளேயே மஞ்சள் இருப்பதுதான் காரணம். மூன்று அடிப்படை நிறங்களும் சேர்ந்துவிடுகின்றன. கிரிம்சன் அல்லது மெஜந்தா பக்கம் சாயும் சிவப்பைத் தேடி எடுங்கள்.

தண்ணீருக்கு அடி அகலமான கிண்ணம், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும். உயரமான டம்ளர் முழங்கை பட்டாலே சாய்ந்துவிடும். இரண்டு பேருக்கு ஒரு பழைய பருத்தித் துணியும் கொடுங்கள். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நாற்பது நிமிட வகுப்பு என்றால் பொருள் கொடுக்க 5 நிமிடம், செய்து காட்ட 5, வரைய 20, சுத்தம் செய்ய 10. கடைசிப் பத்து நிமிடத்தைக் கடன் வாங்காதீர்கள். மணி அடித்த பிறகு கழுவிய பிரஷ் பாதிதான் கழுவப்பட்டிருக்கும். காய்ந்த போஸ்டர் கலர் மயிரின் வேரில் இறுகி, அடுத்த வாரம் பிரஷ் துடைப்பம் போல விரிந்து நிற்கும்.

முதல் வாரம்: தன்னையே வரைவது

ஏ3 தாள், தடித்த கிரேயான். "உன்னை முழுசாக வரை, தலையிலிருந்து கால் வரை" என்று மட்டும் சொல்லுங்கள். பென்சிலும் ரப்பரும் வேண்டாம். பென்சில் கொடுத்தால் அவ்வளவு பெரிய தாளின் ஓர் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஓர் உருவம் வரும். முனை தடிமனாக இருந்தால் படமும் தானே பெரிதாகும். ரப்பர் இருந்தால் தலையை நான்கு முறை அழித்து வரைவதிலேயே இருபது நிமிடமும் தீர்ந்துவிடும்.

வரையும் முன்பே பெயரையும் தேதியையும் தாளின் பின்பக்கம் எழுத வையுங்கள். இந்தப் படத்தில் எதையும் திருத்தக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளை தலையிலிருந்தே கால் முளைத்தது போல வரையலாம். ஏழெட்டு வயதில் கீழே ஒரு தரைக்கோடு, மேலே ஒரு பட்டை வானம், நடுவில் வெறும் வெள்ளை என்று வரும். இரண்டுமே அந்தந்த வயதுக்கு இயல்பு. ஒன்பது, பத்து வயதில் "எனக்கு வரையவே வராது" என்ற பேச்சு தொடங்கும். கூடுதல் கவனம் தேவைப்படுவது அங்கேதான்.

மீதி நேரத்தில் அழுத்தப் பயிற்சி. தாளில் மூன்று கட்டம் போட்டு, ஒரே கிரேயானால் முதலாவதை இறகு தொடுவது போலவும், இரண்டாவதைச் சாதாரணமாகவும், மூன்றாவதைத் தாள் பளபளக்கும் வரை அழுத்தியும் நிரப்பச் சொல்லுங்கள். ஆறாவது வாரம் இந்த அழுத்தம் தேவைப்படும். ஆளுக்கு ஒரு கிரேயானின் காகிதத்தை உரித்துக் கொடுங்கள், படுக்க வைத்துத் தேய்க்கப் பழகட்டும். நடுவில் உடைந்தால் கவலை வேண்டாம், பாதித் துண்டுதான் படுக்க வைத்துத் தேய்க்க வசதி.

மற்ற கிரேயான்களின் காகிதத்தில் நிறத்தின் பெயர் படிக்கும்படி இருக்கட்டும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். மரத்தின் இலையைப் பழுப்பாகத் தீட்டினால் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம், மூன்றாம் வாரம்

இரண்டாம் வாரம் கோடுகள். நேர்க்கோடு, அலைக்கோடு, வளைந்து வளைந்து சுருளும் கோடு, புள்ளிக்கோடு என்று நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுக்க வேண்டும். கோடுகளுக்கு நடுவே உள்ள இடங்களை நிரப்பினால் வகுப்பு முடிந்தது.

மூன்றாம் வாரம் கத்தரிக்கோலும் பசையும். முதலில் 2 செ.மீ. அகலப் பட்டைகள், ஒரே வெட்டில் துண்டாகும். பிறகு நேர்க்கோடு, அதன்பின் சுருள். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். வளைவில் கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். இடது கைக்காரருக்கு இடது கைக் கத்தரிக்கோல் தனியாக வேண்டும். வலது கைக் கத்தரிக்கோலின் மேல் அலகு அவர்களுக்கு வெட்டும் கோட்டை மறைக்கும், அலகுகளும் விலகித் தாளை மடிக்கும். பசை, ஒட்டும் துண்டின் ஓரங்களில் புள்ளி புள்ளியாகப் போதும்.

நான்காம் வாரம்: தண்ணீரும் பிரஷ்ஷும்

இன்றும் பெயின்ட் இல்லை. கரும்பலகையிலோ சிமென்ட் தரையிலோ வெறும் தண்ணீரால் தீட்டட்டும். ஈரம் கறுப்பாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் மறையும், மறுபடி தீட்டலாம். தவறிவிடுமோ என்ற பயமே இருக்காது. பிரஷ்ஷை உலோகப் பட்டைக்குச் சற்று மேலே பிடித்து, மயிர் பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் மயிர் விரியும்.

பிறகு கழுவும் வரிசையைப் பாட்டு போலச் சொல்லிப் பழக்குங்கள்: ஆட்டு, வழி, ஒற்று. கிண்ணத்தின் அடியில் குத்தாமல் தண்ணீருக்குள் பிரஷ்ஷைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் இருபுறமும் வழிக்க வேண்டும். துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. துணியைக் கேட்டுத்தான் அடுத்த நிறம் என்ற இந்த ஒரே விதி, மஞ்சள் டப்பா பச்சையாகாமல் காப்பாற்றும். பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே நிறுத்தி வைக்கவும் கூடாது. நுனி வளைந்துவிடும், மரப்பிடி ஊறி உலோகப் பட்டையும் ஆடத் தொடங்கும்.

ஐந்தாம் வாரம்: கலப்பது

தட்டில் ஒரு தேக்கரண்டி மஞ்சள், அதில் பாதி நீலம். பெயின்ட் கெட்டிப் பால் பதத்தில் இருக்கட்டும். நீர்த்தால் தாளில் ஓடும், இறுகினால் காய்ந்ததும் வெடிக்கும். மஞ்சளை முதலில் நடுவில் பரப்பி, அதில் கடுகளவு நீலத்தைச் சேர்த்துக் கலக்கி, தாளில் ஒரு பட்டை இழுக்கச் சொல்லுங்கள். இன்னும் ஒரு கடுகளவு, இன்னொரு பட்டை. இப்படி ஆறு பட்டை வந்தால், இளந்தளிர் நிறத்திலிருந்து கரும்பச்சை வரை ஒரே தாளில் இருக்கும். வரிசையை மாற்றி நீலத்தில் மஞ்சளைச் சேர்த்தால் டப்பா காலியாகும் வரை சேர்த்தாலும் இளம்பச்சை எளிதில் வராது.

அடுத்த வகுப்பில் மஞ்சளும் சிவப்பும், அதற்கடுத்து சிவப்பும் நீலமும். ஒரே நாளில் மூன்றையும் மேசையில் வைத்தால் பத்தாவது நிமிடத்தில் எல்லாத் தட்டிலும் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

ஆறாம் வாரம்: மெழுகும் தண்ணீரும்

கற்றது எல்லாம் இங்கே சேரும். டிராயிங் தாளில் வெள்ளை, மஞ்சள் கிரேயான்களால் முதல் வாரம் பழகிய மூன்றாவது கட்டத்தின் அழுத்தத்தில் வரைய வேண்டும். அதன்மேல் நீல வாட்டர் கலரைத் தட்டைப் பிரஷ்ஷால் இடமிருந்து வலமாக ஒரே முறை இழுக்க வேண்டும். மெழுகு தண்ணீரை ஏற்காது, அதனால் வெள்ளைக் கோடு நீலத்திலிருந்து திடீரென்று எழும். அந்த நொடியில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கோடு எழவில்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் காரணம்: அழுத்தம் போதவில்லை, வாட்டர் கலருக்குப் பதில் கெட்டியான போஸ்டர் கலர் போட்டிருக்கிறது, அல்லது கிரேயான் கழுவினால் போகும் வகை. கடைசி வகை தண்ணீரைச் சரியாகத் தடுக்காது. முன்கூட்டியே ஒரு துண்டுத் தாளில் சோதித்துவிடுங்கள்.

எந்த வாரமானாலும் முடித்த மாதிரிப் படத்தைப் பலகையில் ஒட்டி வைக்காதீர்கள். முப்பது நகல்தான் கிடைக்கும். செய்முறையைக் காட்டிவிட்டுத் தாளை எடுத்துவிடுங்கள். பிள்ளையின் தாளில் உங்கள் கை படவே கூடாது; காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு தாளில் காட்டுங்கள். "இது என்ன?" என்று கேட்டால் படம் புரியவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டால் பேசும்.

ஈரத் தாள்களை உடனே கயிற்றில் மாட்டினால் நிறம் வழியும். பளபளப்பு அடங்கும் வரை படுக்கையாகவே காயட்டும், பிறகு கிளிப் போடலாம். முழுசாகக் காய்ந்த பிறகுதான் அடுக்க வேண்டும். ஆறாவது வாரக் கடைசியில் தன்னையே இன்னொரு முறை வரையச் சொல்லி, முதல் வாரப் படத்தோடு சேர்த்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.