மார்பக மறுசீரமைப்புக்குப் பிறகு: ட்ரெயின் ட்யூப் முதல் ஆண்டுப் பரிசோதனை வரை

புதிதாக அமைத்த மார்பில் தொடு உணர்வு பெரும்பாலும் இருக்காது. தோலுக்கு வரும் நரம்புகள் அறுவையில் வெட்டுப்பட்டிருக்கும். மாதங்கள் போகப் போகக் கொஞ்சம் திரும்பலாம், முழுதாகத் திரும்புவது அரிது. ஆகவே உள்ளே கோளாறு என்றால் வலித்துக் காட்டும் என்று நம்பி இருக்கக் கூடாது. கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும், நோட்டில் எழுத வேண்டும்.

நோட்டின் முதல் வேலை ட்ரெயின் கணக்கு, அதாவது அறுவை செய்த இடத்தில் சேரும் நீரையும் ரத்தத்தையும் வெளியே எடுக்கும் குழாயின் கணக்கு. வீட்டுக்கு வரும்போது பலருக்கு விலாப்பக்கம் ஒன்றிரண்டு ட்யூப் தொங்கும். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பு அமைத்திருந்தால் வயிற்றிலும் இருக்கும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, அதே நேரத்தில் காலி செய்யுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு, ட்யூப் தோலிலிருந்து வெளியே வரும் இடத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றக் கை விரல்களால் ட்யூபைப் பல்ப் (முனையில் இருக்கும், நீரை உறிஞ்சும் குமிழ்) பக்கமாக நீவிவிடுங்கள். உறைந்த ரத்தத் துணுக்கு அடைத்திருந்தால் இப்படித்தான் நகரும். பிறகு மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதுங்கள். இரண்டு ட்யூப் இருந்தால் 1, 2 என்று ஒட்டி, கணக்கையும் தனித்தனியே வையுங்கள். கூட்டி எழுதினால் எதை எடுக்கலாம் என்று மருத்துவருக்குத் தெரியாது.

மூடுகிற இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பல்பை உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி, கசக்கிய கையை விடாமலே மூடியை அழுத்த வேண்டும். பல்ப் உருண்டையாக ஊதி நின்றால் அது உறிஞ்சவில்லை. நீர் உள்ளேயே கோத்துக்கொள்ளும்.

நிறம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள் என்று மாறி வரும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே (சிலர் 20 என்பார்கள்) தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் ட்யூபை எடுப்பது வழக்கம். 80 மில்லி வந்துகொண்டிருந்தது ஒரே நாளில் நின்றுபோனால் சந்தோஷப்படாதீர்கள், அடைப்பாக இருக்கும். புது ரத்தம் மளமளவென்று நிறைந்தால் உடனே மருத்துவமனை.

ட்ரெயின் காலி செய்யும் நேரத்திலேயே மார்பையும் பாருங்கள். சொந்தத் திசுவால் அமைத்ததென்றால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்; விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு மூன்று வினாடியில் நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாய்ந்து வீங்கினால் ரத்தம் வெளியேறும் சிரை அடைபட்டிருக்கலாம். வெளுத்துக் குளிர்ந்தால் ரத்தம் கொண்டுவரும் தமனியில் கோளாறு. எதுவானாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் திசு பட்டுப்போகும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் இந்த மாற்றம் சட்டெனப் புலப்படாது. தினமும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படமெடுத்து முந்தைய நாள் படத்தோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

வெந்நீர் ஒத்தடம், ஐஸ் கட்டி இரண்டும் கூடாது. சூடு உறைக்காததால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தையல் மேல் மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம் போடுவார்கள், அதைக் கேட்காதீர்கள். ரணம் ஆறப் புரதம்தான் வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளட்டும். புகைபிடிக்கக் கூடாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் அதே கெடுதல்தான்: நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும்.

வயிற்றில் தையல் இருந்தால் முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் சற்றுக் குனிந்தே நடக்கலாம், ஆனால் நடக்காமல் இருக்காதீர்கள். காலில் ரத்தம் உறையும். ஆறு வாரத்துக்கு நிறை குடம், தண்ணீர் வாளி, குழந்தை எதையும் தூக்க வேண்டாம். கையை முதலில் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தாமல் அசையுங்கள். ட்ரெயின் எடுத்து, மருத்துவர் சரி சொன்னதும் சுவரில் விரல்களால் ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பயந்து கையை மடக்கியே வைத்தால் தோள் இறுகிவிடும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ (100.4 பாரன்ஹீட்), தையலில் சீழ் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ அன்றே காட்டுங்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொண்டு போனால், கோட்டைத் தாண்டியதா என்பது மருத்துவருக்கு உடனே தெரியும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எக்ஸ்பாண்டர் (தோலை மெல்ல மெல்ல விரிக்க உள்ளே வைக்கும் பை) வைத்தவர்களுக்கு, காயம் ஆறியதும் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறை உப்புநீர் ஏற்றுவார்கள், பெரும்பாலும் 50 முதல் 100 மில்லி. ஒன்றிரண்டு நாள் இறுக்கமாக இருக்கும். பல எக்ஸ்பாண்டர்களின் வால்வில் காந்தம் உண்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்களுக்கு முதல் மூன்றாண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும், அடுத்த இரண்டாண்டு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் மருத்துவர் கையால் பரிசோதிப்பது வழக்கமான முறை. மற்ற மார்புக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் வேண்டும். முழுவதும் எடுத்து மறுசீரமைத்த பக்கத்துக்கு வழக்கமாக மேமோகிராம் எடுப்பதில்லை. அங்கே மாதம் ஒரு முறை நீங்கள் தடவிப் பார்ப்பதும் மருத்துவரின் கையும்தான் காவல். தட்டுப்படும் கெட்டி, ரத்தம் எட்டாமல் செத்த கொழுப்பாகவும் இருக்கலாம். நோய் திரும்பியதாகவும் இருக்கலாம். ஸ்கேனும் தேவைப்பட்டால் ஊசிச் சோதனையும் செய்யாமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

சிலிக்கோன் இம்ப்ளான்ட் (மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பை) சத்தமில்லாமல் கிழியலாம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பரிந்துரைப்படி 5 முதல் 6 ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 2 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறை. ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்கினால், அந்த நீரை எடுத்து சி.டி.30 (செல்லின் மேலிருக்கும் ஒரு புரதம்) சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்களோடு தொடர்புள்ள, அரிதான நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று இப்படித்தான் தலைகாட்டும். 2019 ஜூலையில் அலர்கான் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது இதனால்தான்.

உங்களுடையது எந்த வகை என்பது டிஸ்சார்ஜ் அன்று தரும் இம்ப்ளான்ட் அட்டையில் இருக்கும்: நிறுவனம், மாடல், சீரியல் எண், அளவு. தராவிட்டால் கேட்டு வாங்கி, படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள்.