ஸ்டுடியோவில் தொழில் பழகுபவருக்கு: கேபிளில் தொடங்கி முதல் டேக் வரை

குருவாக ஒரு ஒலிப்பதிவு இன்ஜினியரைத் தேடும்போது அவரிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று பார்ப்பதைவிட, ஸ்டுடியோ காலியாக இருக்கும் நேரத்தில் உங்களை உள்ளே விடுவாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு நடக்கும்போது அவர் பாடம் எடுக்க முடியாது. உங்கள் கை பழகுவதெல்லாம் செஷனுக்கு முன்னும் பின்னும்தான்.

முதல் சில வாரங்கள் கேபிள் சுற்றுவதிலேயே போகும். முழங்கையில் வளைத்துச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறும். நாளடைவில் உள்ளிருக்கும் காப்பு வலை நைந்து இரைச்சல் வரும். ஒரு சுற்றை நேராகவும் அடுத்ததை மணிக்கட்டை உள்பக்கம் திருப்பியும் போட்டால், ஒரு முனையைப் பிடித்து வீசும்போது கேபிள் முறுக்கில்லாமல் விரியும். சுற்றியபின் முனையை வளையத்துக்குள் நுழைக்காதீர்கள். விரிக்கும்போது வரிசையாக முடிச்சு விழும்.

அடுத்தது மின்சார ஒழுங்கு. மானிட்டர் ஸ்பீக்கரைக் கடைசியில் போட வேண்டும், முதலில் அணைக்க வேண்டும். மைக்கைச் செருகுமுன் கெயினைக் (மைக் ஒலியை ஏற்றும் அளவை) குறைத்து, சேனலை மியூட் செய்து, கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமான பேண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டென்சர் மைக்குக்கு அந்த மின்சாரம் வேண்டும். பழைய ரிப்பன் மைக்குக்கோ, கேபிள் இணைப்பு பிசகியிருந்தால் அதுவே எமன்: உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு இழுபட்டுப் போகும்.

காதைப் பழக்க ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் ஒரு மைக்கும் போதும். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) நேரே 25 செ.மீ. தள்ளி மைக்கை வைத்து அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு 5 செ.மீ. வீதம் ஒலித்துளையை நோக்கி நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் மைக் இருக்கும் இடத்தை வாயால் சொல்லிவிட்டு வாசியுங்கள். துளையை நெருங்க நெருங்க 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். இந்தப் பயிற்சி முடியும்வரை ஈக்யூவை (ஒலியின் அடி, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) தொடாதீர்கள். மைக்கை நகர்த்திச் சரிசெய்ய வேண்டியதைக் குமிழைத் திருகிச் சரிசெய்யும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடாது.

குரலுக்கு, பாடகர் மைக்கிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி நிற்கட்டும், மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் இடையில் இருக்கட்டும். அப்படியும் ‘ப’கரம் வெடித்தால் மைக்கை வாய்க்கு நேரிலிருந்து சற்றே பக்கவாட்டில் திருப்புங்கள். மிக அருகில் வந்தால் அடிக்குரல் தடிக்கும்.

பலரும் சோதனையில் அடக்கிப் பாடி, டேக்கில், அதாவது உண்மையான பதிவில், கூட்டிப் பாடுவார்கள். அதனால் சோதனையின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை (பூஜ்யம்தான் கடைசி வரம்பு) தாண்டாமல் கெயின் வையுங்கள். 24 பிட் பதிவில் அளவு கொஞ்சம் குறைந்திருந்தால் பின்னர் ஏற்றிக்கொள்ளலாம். உச்சத்தில் வெட்டுப்பட்ட அலையை முழுதாக மீட்க வழியில்லை.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இரண்டு மைக் வைக்கும்போது. ஒலி 1 மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும். ஒரே கருவியிலிருந்து இரு மைக்குகளின் தூரம் அந்த அளவு வேறுபட்டால், இரண்டையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1500-இலும் அதே கதை. தனித்தனியே கேட்டால் இரண்டும் நன்றாகவே இருக்கும், சேர்த்தால் ஒலி மெலிந்துவிடும். இரண்டையும் ஒரே சேனலாகக் கலந்து மோனோவில் கேளுங்கள். ஒரு சேனலின் போலாரிட்டியை, அதாவது அலையை மேல்கீழாக, திருப்பிப் பாருங்கள். எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொண்டு, இன்னும் குறையிருந்தால் மைக்கை நகர்த்துங்கள்.

பாடகர் ஹெட்போனில் தன் குரல் பிந்தி வருவதாகச் சொன்னால் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் சாம்பிள்களின் (ஒலி அளவீடுகளின்) எண்ணிக்கையை, பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்பது 21 மில்லிசெகண்ட். 128 என்றால் 3-க்கும் கீழே.

செஷனில் பின்னால் உட்கார்ந்து மைக், ப்ரீஆம்ப் (மைக் ஒலியை ஏற்றும் கருவி), கெயின், தூரம், டேக் எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். சந்தேகத்தை நேரத்தோடு குறித்துவைத்து, கலைஞர் போனபின் கேளுங்கள். பாடியது நன்றாக இருந்ததா என்று உங்களையே கேட்டாலும் பதிலை இன்ஜினியருக்கு விட்டுவிடுங்கள். ஆனால் ட்ராக்கை ஆர்ம் செய்ய (பதிவுக்குத் தயார்நிலையில் வைக்க) மறந்திருந்தால் உடனே சொல்லுங்கள். மூன்று டேக் கழித்துச் சொன்னால் மன்னிப்பது கடினம்.

கிளம்புமுன் கோப்புகள் இரண்டு வட்டுகளில் இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி, அதை வைத்து இடம் போதுமா என்று முன்பே கணக்கிடலாம்.

தனியாகச் செய்யும் முதல் வேலைக்கு ஒருவர் மட்டும் பேசும் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அரை மணி முன்னதாகப் போய், மைக் வைத்து, நீங்களே பேசிப் பதிந்து கேளுங்கள். ஏசி இரைச்சலும் நாற்காலிக் கிறீச்சும் அப்போதே பிடிபடும். முடிந்ததும் ஈக்யூ, கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) எதுவும் போடாமல் குருவிடம் ட்ராக்கை அப்படியே கொடுங்கள்.