துபாய், ஷார்ஜாவுக்குப் புதிதாக வருகிறவர்களே, பெட்டியில் கசகசா இருக்கிறதா பாருங்கள்

விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி என்கிற அமீரக அடையாள அட்டை பற்றியெல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அதை ஓட்டமாகச் சொல்லிவிட்டு, எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்கள் "அதெல்லாம் ஒன்னும் ஆகாதுப்பா" என்று தட்டிவிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் அதில்தான் மாட்டினான். கையில் இருந்த வேலை போய் ஊர் திரும்பினான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டாய வேலைகள். வேலை விசாவில் வருகிறவர்கள் ஆஃபர் லெட்டரை ஊரிலேயே வாங்கிப் படியுங்கள். அமீரக மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். விசாச் செலவு கம்பெனியுடையது. உங்கள் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டப்படி தப்பு. வந்ததும் ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, கைரேகை, அப்புறம் ஐடி. ஐடி வந்தால் சிம், வங்கிக் கணக்கு எல்லாம் தானாக நடக்கும். விசிட் விசாவில் வேலை தேட வருகிறவர்கள் தேதியை மட்டும் மறக்காதீர்கள், தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். விசிட் விசாவில் இருந்துகொண்டு வேலை செய்யவும் கூடாது, "ட்ரையல்" என்று யார் கூப்பிட்டாலும் சரி.

இனி பெட்டி விஷயம். பையன் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா ஒருவர் பிரவுன் டேப் சுற்றின பார்சலோடு வந்திருக்கிறார். "என் மருமகனுக்குத்தான் தம்பி, கொஞ்சம் மசாலாவும் அவருக்கு மாத்திரையும்." நம் ஊரில் இதை மறுத்தால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அக்காவே "பாவம், வெச்சுக்கோடா" என்று வாங்கி, வேட்டி சட்டைக்கு நடுவில் சொருகிவிட்டாள். இங்கே இறங்கி ஸ்கேனரில் பெட்டி போனதும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். டேப்பைக் கிழித்துப் பார்த்தால் கறிமசாலாத் தூள், நூல் கட்டின தனிப் பொட்டலத்தில் கசகசா, கத்தரிக்கோலால் பாதி பாதியாக வெட்டின மாத்திரை அட்டைகள். நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரிகாபலின். மருந்துச் சீட்டு கிடையாது. யாருடையது என்று கேட்டதற்குத் தெரிந்தவருடையது என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பதிலுக்கு அங்கே மதிப்பே இல்லை. உன் பெட்டியில் இருந்தால் அது உன்னுடையது.

போனை வாங்கி வைத்துவிட்டார்கள். நான் வெளியே வருகை வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், ஊரிலிருந்து அக்கா நிமிஷத்துக்கு ஒரு முறை போன் செய்கிறாள். சிறுநீர்ப் பரிசோதனையில் அவன்மேல் ஒன்றும் இல்லை என்று வெளியே விட்டார்கள். ஆனால் பொருள் லேபுக்குப் போயிருந்ததால், அந்த முடிவு வரும்வரை பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. கம்பெனி அதுவரை காத்திருக்குமா? வேறு ஆளைப் போட்டுவிட்டது. கடைசியில் வழக்கு இல்லை என்று முடித்தார்கள், அது அவன் அதிர்ஷ்டம், எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. பார்சலுக்குச் சொந்தக்காரரான அந்த மருமகன் இருக்கிறாரே, நான் எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவே இல்லை. இன்றுவரை.

கசகசா நமக்கு மளிகைச் சாமான். குர்மாவுக்கு அரைக்கிறோம், பாயசம் வைக்கிறோம், தூக்கம் வராத குழந்தைக்குப் பாலில் கலந்து கொடுத்த பாட்டிகள்கூட உண்டு. ஆனால் அது அபினிச் செடியின் விதை. இந்தியாவிலேயே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் வாங்கினவர்கள்தான் அந்தச் செடியைப் பயிரிட முடியும். விதையில் போதை இல்லை என்று நீங்கள் வாதாடலாம், காயின் பால் பட்டு மார்ஃபின் தடயம் ஒட்டியிருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள், ஜெயிக்கப்போவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அமீரகம் மட்டும் இல்லை, சவூதியிலும் தடை, சிங்கப்பூரிலும் தடை. ஒரு ஸ்பூன்தானே என்ற பேச்சு எடுபடாது. பொட்டலத்தை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வீட்டில் திரித்த குர்மாப் பொடியில் போட்டார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். கடையில் வாங்கின பிரியாணி மசாலா என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "பாப்பி சீட்ஸ்" (கசகசாவுக்கு ஆங்கிலப் பெயர்) இருக்கிறதா என்று படித்துவிட்டு வையுங்கள்.

மாத்திரை இதைவிடப் பெரிய தலைவலி. டிரமடால் என்கிற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம், அப்புறம் பிரிகாபலின், இதெல்லாம் இங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். ஊரில் தெருமுனை மருந்துக் கடையில் முகம் தெரிந்தால் கிடைக்கிறது என்பதால் சாதாரண மருந்து ஆகிவிடாது. நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே அமீரக அரசின் இணையதளத்தில் அனுமதிக்கு விண்ணப்பித்து, அந்தத் தாளைக் கையோடு கொண்டுவாருங்கள். பிரஷர், சுகர் மாத்திரைக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள், சீட்டு இல்லாமலும் வராதீர்கள். டாக்டர் கிறுக்கிக் கொடுக்கிற சீட்டு இங்கே யாருக்கும் புரியாது. லெட்டர்பேடில் டைப் அடித்து, மருந்தின் பொதுப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் இல்லை, உள்ளே இருக்கிற மருந்தின் பெயர்) போட்டு, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் முழு அட்டையாகவே கேளுங்கள். பத்து மாத்திரைக்கு அட்டையை வெட்டும்போது பெயர் உள்ள துண்டு உங்களுக்கும் காலாவதித் தேதி உள்ள துண்டு அடுத்தவருக்கும் போய்விடும், இங்கே அது பெயரில்லாத மாத்திரை. விசிட்டில் அம்மா அப்பாவைக் கூட்டிவருகிறவர்கள் அவர்கள் கைப்பையையும் ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள், சுருக்குப்பைக்குள் தூக்க மாத்திரை இருக்கும், கேட்டால் "அது சும்மா" என்பார்கள். லேபிள் இல்லாத சூரணம், லேகிய டப்பாவும் வேண்டாம். வெற்றிலையும் துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது, லீவில் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தாம்பூலப் பையை அப்படியே பெட்டியில் போட்டு வருகிற நம் ஆட்களுக்கு இது தெரிவதே இல்லை.

உண்மையில் ஊரிலிருந்து மூட்டை கட்டி வர வேண்டிய அவசியமே இல்லை. துபாயில் கராமா, மீனா பஜார், ஷார்ஜாவில் ரோலா பக்கம் போனால் முருங்கைக்கீரையிலிருந்து சுண்டைக்காய் வற்றல் வரை கிடைக்கும். குர்மாவுக்கு நாங்கள் முந்திரியும் பொட்டுக்கடலையும் அரைத்து விடுகிறோம். கெட்டியாகத்தான் வருகிறது. அம்மா வைக்கிற குர்மா மாதிரி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பரோட்டாவோடு உட்காரும்போதெல்லாம் அது தெரியும். அதற்காகக் கம்பி எண்ண முடியாது.

பார்சலை எப்படி மறுப்பது? மறுக்கவே வேண்டாம், "திறந்து காட்டுங்க பெரியம்மா, ஒவ்வொண்ணா பார்த்து என் கையாலேயே அடுக்கிக்கிறேன்" என்று சொல்லுங்கள். திறக்க மனசில்லாதவர் தானாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மற்றதெல்லாம் சில்லறை. துபாய் மெட்ரோ ரயிலில் எதையும் தின்னக் கூடாது, சூயிங்கம்கூட, மாட்டினால் 100 திர்ஹம். பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் அதே 100. கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் 400. ஷார்ஜாவில் மது விற்பனையே கிடையாது, துபாயில் வாங்கிக்கொண்டு ஷார்ஜா ரூமுக்கு வருகிற புத்திசாலித்தனம் வேண்டாம். நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் நின்று தண்ணீர் குடிக்காதீர்கள், உள்ளே போய்க் குடியுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டினாலும் வழக்கு வரும். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு என்று குரூப்பில் வசூல் போடுவதும் அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்தான், நல்ல காரியம் என்று சொல்லித் தப்ப முடியாது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு, சூப்பர்வைசர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

எதிலாவது மாட்டினால், அரபியில் நீட்டுகிற தாளில் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்துக்கு 800 46342 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் உங்கள் தூதரக எண்ணைக் கிளம்பும்போதே குறித்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டுத் தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், போனை முதலில் வாங்கிவிடுகிறார்கள்.