தாத்தாவின் சவரக்கத்தியைச் சாணைக்குக் கொடுக்காதீர்கள்

தைப்பூசக் காவடி முடிந்த வாரமும் புரட்டாசி முடிந்த வாரமும் எங்கள் வீட்டு கேட்டில் யாராவது ஒரு பையன் வந்து நிற்பான். விரதத்துக்கு வளர்த்த தாடி, கையில் துணியில் சுற்றிய மடக்குக் கத்தி, "அண்ணே, இது வெட்டவே மாட்டேங்குது, இழுக்குது" என்ற அதே புகார். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கம் மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொள்கிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் என்பதால் எல்லோரும் சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து சேர்கிறார்கள். வந்தவன் சொல்லி முடிப்பதற்குள் என்ன செய்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் பழகத் தொடங்குகிற எல்லோரும் விழுவது அதே நாலைந்து குழியில்தான். ஈரக்கையோடு பிடிக்காதே, தூக்கக் கலக்கத்தில் தொடாதே என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

விரதத் தாடியில் பிள்ளையார் சுழி

பத்து நாள், முப்பது நாள் தாடியின் மேல் நேராகக் கத்தியை வைத்தால் கத்தி திணறும், முடி சிக்கும், நீங்கள் கையை அழுத்துவீர்கள், அப்புறம் ரத்தம். முதலில் மெஷினால் ஒட்ட வெட்டிவிட்டு, அதன்பின் ஒன்றிரண்டு நாள் வளர்ந்த முடியில் பழகுங்கள். முதல் சில வாரம் இரண்டு கன்னம் மட்டும் போதும். தாடை, மோவாய், மேலுதடு எல்லாவற்றையும் வழக்கமான ரேசராலேயே முடித்துக்கொள்ளுங்கள். முழு முகத்தையும் முதல் நாளே முடித்துக் காட்ட இது போட்டி இல்லை.

கோணம் 30 டிகிரி என்று எல்லோரும் சொல்வார்கள், கண்ணாடி முன் நின்று 30 டிகிரியை எப்படி அளப்பது? கத்தியின் முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு முதுகுக் கனம் இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிப்பதுதான் பாதி வேலை, ஆனால் சோப்பு நுரையில் விரல் வழுக்கும்; படிகாரக் கட்டியில் விரலை ஒரு தேய் தேய்த்துக்கொண்டு பிடியுங்கள், நன்றாக ஒட்டும்.

கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்துவது

கூடவே கூடாது. ஆழமாக அறுப்பது இது ஒன்றுதான்.

சாணைக்குக் கொடுப்பது

இதைப் பற்றிப் பேசினால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு பையன் தாத்தாவின் கத்தியைக் கொண்டுவந்தான். ஷெஃபீல்டில் செய்தது, கனமான ஆப்பு வடிவம். அடிப்பகுதியில் இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் முத்திரை குத்தியிருந்தது. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்ட பிறகுதான் அந்த முத்திரை வழக்கமானது, ஆகவே கத்தி அதற்குப் பிற்பட்டது என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். டர்பன் நகராட்சியில் வேலை செய்த இந்தியர்களின் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் தாத்தா வைத்திருந்தது, அறுபதுகளில் அங்கிருந்து சாட்ஸ்வர்த்துக்கு வீட்டைக் காலி செய்து வந்தபோது சட்டி பானையோடு இதுவும் வந்திருக்கிறது. ஆயா தகரப் பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்ததால் துரு கூட அதிகமில்லை. என்னிடம் முதலில் வந்திருந்தால் ஒரு சாயங்கால வேலை. இவன் என்ன செய்தான், கசாப்புக் கத்தியும் கத்தரிக்கோலும் சாணை பிடித்துத் தருகிற ஒரு இடத்தில் கொடுத்திருக்கிறான். ஐந்து நிமிஷத்தில் தந்துவிட்டார்களாம். பளபளவென்று இருந்தது. "பாலீஷ் நல்லாத்தானேண்ணே இருக்கு?" என்று வேறு கேட்டான்.

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முனைக்குப் பக்கத்தில், விளிம்போடு ஒட்டி, ஒரு நெல் அளவுக்கு நீலம். அந்த நீலத்தைப் பார்த்தால் சமாசாரம் முடிந்தது என்று அர்த்தம். சவரக்கத்தி எஃகைக் கடினமாக்கிய பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் பதப்படுத்துகிறார்கள். எஃகு நீலமாவது 300 டிகிரிக்குப் பக்கத்தில். உலர்ந்த சாணைச் சக்கரத்தில் அவ்வளவு மெல்லிய விளிம்பு அந்தச் சூட்டைத் தொட ஒரு கணம் போதும், தொட்ட இடத்தில் எஃகு மெத்தென்றாகிவிடும், அதற்கப்புறம் என்ன தீட்டினாலும் அங்கே பதம் நிற்காது. நீலம் போகும்வரை இரும்பைத் தேய்த்து எடுக்கலாம்தான். ஆனால் முதுகின் கனம் அப்படியே இருக்க அகலம் மட்டும் குறைந்தால் வெட்டுக்கோணம் கூடிவிடும், முதுகையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும், கடைசியில் கையில் மிஞ்சுவது தாத்தா வைத்திருந்த கத்தியே இல்லை.

சாணைக்காரரைக் குற்றம் சொல்லி என்ன பயன், அவருக்கு அது இன்னொரு கத்தி. சமையல் கத்திக்குக் கோணத்தைக் கை வைக்கும். சவரக்கத்திக்கு அதைச் செய்தவரே வைத்து அனுப்பிவிட்டார்: முதுகும் விளிம்பும் இரண்டும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும், முதுகின் கனமும் கத்தியின் அகலமும் சேர்ந்துதான் கோணம். 19 மில்லிமீட்டர் அகலம், 5.5 மில்லிமீட்டர் முதுகு என்றால் இரு பக்கமும் சேர்த்து 16, 17 டிகிரி வரும். வீட்டுத் தீட்டுகல்லில் காய்கறிக் கத்தியைப் போல முதுகைத் தூக்கிப் பிடித்துத் தேய்க்கிறவர்களும் சக்கரத்துக்கு ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. மெதுவாகக் கெடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் என்ன செய்வது? சவரக்கத்தி மட்டுமே தீட்டிப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். இல்லை, நானே கற்றுக்கொள்கிறேன் என்றால் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் கேட்பாரற்றுக் கிடக்கிற கத்தி ஒன்றை வாங்கி அதில் கற்றுக்கொள்ளுங்கள், தாத்தாவுடையதில் அல்ல. கல் குழி விழாமல் சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்லின் எண் கூடக் கூடக் கல் நைசாகும்: 1000 கல் விளிம்பின் சரிவை அமைக்க மட்டும், அப்புறம் 4000 அல்லது 5000, பிறகு 8000, கடைசியில் 12000. சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி ஒரே ஒரு தடவை கல்லில் ஓட்டிப் பாருங்கள்: மை எங்கே போகவில்லையோ அங்கே கல் படவில்லை. அழுத்தவே வேண்டாம், கத்தியின் கனமே போதும். எல்லாம் சரியாக வந்துவிட்டால் விளிம்புக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகிற தண்ணீர் கல்லில் ஓடாமல் கத்தியின் மேல் ஏறும். முதல் முறை அதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகவே இதில் விழுந்தவர்கள் உண்டு.

கட்டைவிரலால் பதம் பார்ப்பது

வேண்டாம். முன்கை முடியில் பாருங்கள்.

தோல் வாரில் அவசரம்

வார் என்பது விளிம்பைச் சீராக்கக் கத்தியை ஓட்டுகிற துணி, தோல் பட்டை. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் துணி வாரில் இருபது முப்பது, தோலில் ஐம்பது அறுபது தடவை. முதுகு முன்னே போக வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும்; திரும்பும்போது முதுகின் மேல் உருட்ட வேண்டும். விளிம்பின் மேல் உருட்டினால் தோலும் போச்சு, பதமும் போச்சு. படத்தில் பார்த்த வேகத்தில் சட் சட்டென்று அடிக்கிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே வாரைக் கிழிக்கிறார்கள். வாரைத் தொய்வாகவும் பிடிக்காதீர்கள், விளிம்பு மழுங்கும். ஆகவே புதியவர்கள் மலிவான வாராக வாங்குங்கள், அதை எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள்.

கத்தி விஷயத்தில் அந்த மலிவு உதவாது. ஆன்லைனில் சில நூறு ரேண்டுக்கு மினுமினுக்கிற கத்திகள் கிடைக்கின்றன; பலவற்றில் எஃகு மெத்தென்று இருக்கும், முதுகு கோணி இருக்கும், எந்தக் கல்லாலும் சரி செய்ய முடியாது. ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், பழைய ஷெஃபீல்டு, இந்த ஊர்க் கத்திகளில் ஒன்று, 5/8 அல்லது 6/8 அங்குல அகலம், வட்ட முனை. புதிதாக வந்தாலும் கையால் தீட்டி அனுப்பியதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

சலூன் கத்தியில் பழகுவது

சலூன்களில் பாதி பிளேடைச் சொருகிச் சவரம் செய்கிறார்களே, அதில் பழகிவிட்டு இதற்கு வரலாம் என்று நினைக்கிறார்கள். பிளேடு லேசாக இருக்கும், மூலைகள் கூர்மையாக இருக்கும், சின்னப் பிசகையும் மன்னிக்காது. அது வேறு கை.

குளியலறையில் வைப்பது

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறவர்கள் இதைப் படிக்காமல் தாண்டிப் போகலாம், அங்கே காற்று உலர்ந்தது. டர்பனில், அதுவும் பிப்ரவரியில், ஷவர் நீராவியில் ஒரு ராத்திரி விட்டாலே விளிம்பில் குண்டூசி முனை அளவுக்குத் துருப்புள்ளிகள் வந்துவிடும், ஒவ்வொரு புள்ளியும் பிறகு கன்னத்தில் தெரியும். டிஷ்யூவால் துடைத்து, தோலில் சில தடவை ஓட்டி, மெல்லிய மெஷின் எண்ணெய் தடவி, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். தேங்காயெண்ணெய் ஜூலையில் உறைந்து பிசுக்காகும். பழைய செல்லுலாய்டு பிடி உள்ள கத்தியாக இருந்தால் மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். அந்தப் பிடி மக்க ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்திலிருக்கிற எஃகையும் துருப்பிடிக்க வைக்கும்.

அப்பாவும் மகனும் ஒரே கத்தி

பாசம் சரி, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெட்டு எல்லோர் முகத்திலும் விழும், ஹெபடைட்டிஸ் பி ரத்தத்தில் பரவுவது. கொதிக்க வைத்துவிடலாம் என்றால் பிடி கோணிப் போகும். ஆளுக்கு ஒரு கத்தி, ஆளுக்கு ஒரு வார்.