லோரியில் வந்த பழைய ஐஸ்பெட்டி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுகிறவரைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் லோரிகளில் பழைய ஐஸ்பெட்டிகள் (ஃப்ரிட்ஜ்) வந்து இறங்கத் தொடங்கிவிடும். ஈப்போவில் செகண்ட் ஹேண்ட் கடையில் பேரம் பேசி வாங்கியது, மகள் புதுசு வாங்கியதும் அம்மாவுக்கு அனுப்பி வைத்தது, தோட்டத்து லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியபோது கூடவே வந்தது என்று பலவிதம். பழைய இடத்தில் நன்றாக ஓடிய பெட்டி, இங்கே வந்ததும் விளக்கை மட்டும் எரித்துக்கொண்டு சும்மா நிற்கும். எட்டிப் பார்க்க வருகிற யாராவது ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "கேஸ் போயிருச்சுண்ணே."

அவசரப்படாதீர்கள். ஐஸ்பெட்டியைக் குளிர வைக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழாயில் எங்காவது விரிசல் விட்டால் அல்லது ஓட்டை விழுந்தால்தான் வெளியே போகும். லோரியில் வந்த பெட்டி குளிராமல் போக அதைவிடச் சின்னக் காரணங்கள் நிறைய உண்டு. அவற்றை வரிசையாகப் பார்ப்போம். கையில் ஒரு டார்ச் லைட்டும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் போதும்.

முதலில்: படுக்க வைத்தார்களா, நிறுத்தி வைத்தார்களா?

பெட்டியின் பின்பக்கம் கீழே கறுப்பாக உருண்டையாக இருப்பதுதான் கேஸை அழுத்திச் சுற்ற விடும் கம்ப்ரசர். அதற்குள் மோட்டாரும் பம்ப்பும் ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கின்றன. அடியில் எண்ணெய் இருக்கிறது. பெட்டியைப் படுக்க வைத்தால் அந்த எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். உடனே சுவிட்சைப் போட்டால், எண்ணெய் இல்லாமல் பம்ப் தேயும். ஓடிய எண்ணெய், கேஸ் போகும் கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் போய் அடைத்துக்கொள்ளவும் செய்யும். அந்தக் குழாயின் உள் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

லோரிக்காரரைக் கேட்டால் "நிக்க வச்சுத்தாண்ணே கொண்டாந்தோம்" என்பார். பெட்டியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். கம்ப்ரசருக்கு மேலே, ஐஸ் உருகிய நீர் வந்து விழ ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். பெட்டி படுத்திருந்தால் அந்தத் தட்டிலிருந்த பழுப்புத் தண்ணீர் வழிந்து, பக்கவாட்டுத் தகட்டில் கோடாகக் காய்ந்திருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் தூசியெல்லாம் தேய்ந்து போயிருந்தாலும் சந்தேகப்படலாம்.

நிறுத்தியே கொண்டுவந்திருந்தால் இரண்டு முதல் நான்கு மணி நேரம் சும்மா நிற்கட்டும். படுக்க வைத்திருந்தால் எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரம். தெரியவில்லையா? 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே சுவிட்ச் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே அடைத்துவிட்டு அதே கணக்கைத் தொடங்குங்கள். சில பெட்டிகளுக்கு இந்த ஓய்வு ஒன்றே மருந்து.

காத்திருக்கும் நேரத்தில் பெட்டியை இடம் பார்த்து நிறுத்துங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்; பின்னாலும் பக்கத்திலும் ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். முன்கால்களைத் திருகிச் சற்றே உயர்த்தினால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

அடுத்தது கரண்ட்

கதவைத் திறந்து உட்சுவரில், அல்லது பின்பக்கம், ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 220 – 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நம் வீட்டுக்குச் சரி. ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டிகளில் 100 வோல்ட் என்று போட்டிருக்கும். அதை அடாப்டர் மாட்டி நேராகச் சொருகினால் அதோடு முடிந்தது. அதற்குத் தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பிளக்கை உருவி, அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லோரி ஏற்றும்போது வயரைப் பிடித்து இழுத்திருப்பார்கள். உள்ளே திருகு தளர்ந்து வயர் நழுவியிருக்கலாம். மூன்று முள் பிளக்குக்குள் 13 ஆம்பியர் பியூஸ் இருக்கும்; அதையும் மாற்றிப் பாருங்கள். பியூஸுக்குப் பதில் சிகரெட் டப்பாத் தாளைச் சுருட்டி வைக்கும் வேலை வேண்டாம், வீடு எரியும்.

எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டிருந்தால் எடுத்துவிட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் போடுங்கள். "அதே வயரில் விசிறி ஓடுதே" என்று சிலர் வாதாடுவார்கள். விசிறி கொஞ்ச கரண்டிலும் சுற்றும். கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் மட்டும், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மெல்லிய நீள வயரில் அந்த நேரம் வோல்டேஜ் விழுந்துவிடும், கம்ப்ரசர் கிளம்பாது.

பிளக்கைப் போட்டதும் வீட்டு ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் மெயின் சுவிட்ச்) விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே எங்கோ கரண்ட் கசிகிறது. வயர்மேன் வரட்டும்.

குமிழ்

சிரிக்காதீர்கள், இது நிறைய நடக்கிறது. போர்வை சுற்றித் தள்ளும்போது தெர்மோஸ்டாட் குமிழ் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். நடுவில் வையுங்கள். பட்டன் வைத்த புது மாடல்களில், கடையில் காட்சிக்கு வைத்தபோது போட்ட டெமோ மோடு அப்படியே இருக்கும். விளக்கு எரியும், எண்கள் தெரியும், கம்ப்ரசர் மட்டும் ஓடாது. அதை எடுக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறு. லேபிளில் உள்ள மாடல் எண்ணைப் போட்டு இணையத்தில் கையேட்டைத் தேடுங்கள்.

காதும் கையும்

இனிதான் முக்கியமான கட்டம். வீட்டில் டிவியை அடைத்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்காருங்கள். சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடம் காது கொடுங்கள்.

ஒரு சத்தமும் இல்லை, ஆனால் உள்விளக்கு எரிகிறது என்றால், பழைய ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கிக்கொள்ளும்) பெட்டியாக இருந்தால் அந்த டீஃப்ராஸ்ட் நேரத்தில் வந்து நிற்கிறதோ என்று பாருங்கள். அரை மணி நேரம் விட்டால் தானாகக் கிளம்பலாம். கிளம்பவில்லை என்றால் பிளக்கை உருவிவிட்டு, பின்பக்க அட்டையைக் கழற்றி டார்ச் அடியுங்கள். கம்ப்ரசரின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பெட்டியில் மாட்டிய வயர் குலுங்கியதில் கழன்றிருக்கலாம். எலி கடித்திருக்கலாம். கன்ட்ரோல் போர்டில் பல்லி செத்து ஒட்டியிருப்பதும் நம் ஊரில் அதிசயமில்லை.

'டிக்' என்று ஒரு சத்தம், சில நொடி 'ம்ம்ம்' என்று உறுமல், மறுபடி 'டிக்', அப்புறம் மௌனம். சில நிமிடம் கழித்து மறுபடி அதே கதை. இது கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து முடியாமல் நிற்கும் சத்தம். பெரும்பாலும் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலே என்ற சின்ன உருப்படிதான் காரணம். பிளக்கை உருவி, ஆறவிட்டு, அதைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே உடைந்த சில்லு கலகலவென்று ஆடும். பழையதையே எடுத்துக்கொண்டு ஈப்போ உதிரிபாகக் கடைக்குப் போய் அதே போல வாங்குங்கள், விலை அதிகமில்லை. பக்கத்தில் உருளையாக கெப்பாசிட்டர் இருந்தால் அதன் முனையைக் கையால் தொடாதீர்கள், பிளக் உருவிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். ரிலே மாற்றியும் அதே 'டிக்' வந்தால் கம்ப்ரசரே இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கம்ப்ரசருக்குள்ளே இரும்பு இரும்போடு இடிக்கும் சத்தம் கேட்டால், குழிப் பாதையில் குலுங்கி ஸ்பிரிங் கழன்றிருக்கும். அது வெளியிலிருந்து சரி செய்ய முடியாத கோளாறு.

கம்ப்ரசர் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் குளிர் இல்லை. அப்போது கையை வைத்துப் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டுத் தகடு, அல்லது பின்னால் கறுப்புக் கம்பிவலை, வெதுவெதுப்பாகிறதா? ஆகிறது என்றால் கேஸ் சுற்றுகிறது. பொறுமையாக விடுங்கள், நம் வெயிலில் காலிப் பெட்டி முழுதாகக் குளிர ஒரு நாள்கூட ஆகும். ஒரு மணி நேரம் ஓடியும் சூடே ஏறவில்லை, ஃப்ரீசருக்குள் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பனி, மற்ற இடம் வெறுமை. இங்கேதான் கேஸ் குறைந்ததா, அடைப்பா என்ற கேள்வியே வருகிறது. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிய இடம் தெரிந்தால் கசிவு அங்கேதான். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது.

மேலே ஃப்ரீசர் நன்றாகக் குளிர்கிறது, கீழே மட்டும் சூடு. இது பெரும்பாலும் கேஸ் கோளாறு அல்ல. ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் ஃப்ரீசரின் பின்தட்டுக்குப் பின்னால் இருக்கும் விசிறிதான் குளிரைக் கீழே அனுப்புகிறது. பயணத்தில் உடைந்த ஐஸ் துண்டு அதில் சிக்கியிருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கீழே பழைய துணி போட்டு, கதவைத் திறந்தபடி ஒரு இரவு விடுங்கள். கத்தியால் குத்தி ஐஸ் எடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். நல்ல பெட்டியில் ஓட்டை போடும் வேலை அது. கதவு ரப்பரையும் சோதியுங்கள்: ஒரு ரிங்கிட் நோட்டை இடையில் வைத்துச் சாத்தி இழுத்தால் கொஞ்சம் பிடிக்க வேண்டும். கயிறு கட்டிய இடத்தில் ரப்பர் நசுங்கியிருந்தால் வெந்நீர்த் துணியை ஒற்றி நீவிவிடுங்கள்.

ஆள் கூப்பிட வேண்டி வந்தால்

கேஸ் வேலை நாம் செய்வதல்ல. கம்ப்ரசர் லேபிளில் ஆர்600ஏ என்றும் தீச்சுடர் படமும் இருந்தால் அந்த கேஸ் பற்றிக்கொள்ளும். குழாய் உடைந்து 'உஸ்' என்று சத்தம் வந்தால் ஜன்னலைத் திற, சாமி விளக்கை அணை, எந்த சுவிட்சையும் தொடாதே. வாசனையை நம்பி இருக்கக்கூடாது, அது மூக்குக்குத் தெரிவதே அரிது.

வருகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஓட்டை எங்கண்ணே இருக்கு? அடைச்சிட்டு வேக்கம் போடுவீங்களா? ஃபில்டர் மாத்துவீங்களா? லேபிள்ல இருக்கற அதே கேஸ்தானே?" (வேக்கம் என்பது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது.) ஓட்டையைத் தேடாமல் "டாப் அப் போட்டுத் தரேன்" என்பவருக்குக் காசு கொடுத்தால் அடுத்த மாதமும் கொடுக்க வேண்டும். ஆர்134ஏ கேஸ் பெட்டியில் ஆர்600ஏ, ஆர்600ஏ பெட்டியில் ஆர்134ஏ என்று மாற்றி ஏற்றுவதும் கூடாது.

குளிர ஆரம்பித்துவிட்டதா? அன்றே கோழியும் மீனும் வாங்கி அடைக்காதீர்கள். வாசலில் விற்கிற ஐஸ்கிரீம் பாக்கெட்டுகளையும் ஒரே நாளில் நூறு கட்டி உள்ளே தள்ள வேண்டாம். நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசரில் மைனஸ் 18 பக்கம் காட்டினால் சாமான் வைக்கலாம். காட்டவில்லை என்றால், கடை கொடுத்த வாரண்டி முடிவதற்குள் தெர்மாமீட்டர் காட்டும் அளவைப் போனில் வீடியோ எடுத்து ரசீதோடு கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.