ஈரான் அணு ஒப்பந்தப் பேச்சு: மாதிரி அமர்வு நடத்த

டெல்லி ஆர்.கே.புரத்துத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு ஞாயிறு மதியம் போதும். ஏழு நாற்காலி: ஈரான், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, சீனா. எட்டாவது, கூட்டத்தை ஒருங்கிணைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு.

முதலில் பலகையில் ஈரானுடன் 2015-இல் செய்த ஒப்பந்தத்தின் உச்சவரம்புகளை எழுதுங்கள்: யுரேனியம் செறிவு (எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235இன் பங்கு) 3.67 சதவீதம், கையிருப்பு 300 கிலோ, இரண்டும் 15 ஆண்டுக்கு. ஆயுதத்துக்குச் சுமார் 90 சதவீதச் செறிவு வேண்டும். தூரம் அதிகம் என்று ஏமாறாதீர்கள். 20 சதவீதத்தை எட்டும்போதே உழைப்பில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

பேச்சு முறிவது பெரும்பாலும் 'யார் முதலில்?' என்பதில்தான். பொருளாதாரத் தடையை நீக்கு என்பார் ஒருவர், சென்ட்ரிஃபியூஜை (யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரம்) கழற்று என்பார் மற்றவர். இரண்டையும் ஒரே நாளோடு இணைத்துவிடுங்கள். 2016 ஜனவரி 16 அன்று ஈரான் தன் பங்கைச் செய்துவிட்டது என்று சர்வதேச அணுசக்தி முகமை சரிபார்த்துச் சொன்னதும் தடைகள் விலகின.

ஒரு தரப்பு வெளியேறினால் என்ன என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2018-இல் அமெரிக்காவே விலகியது.