பேஸ்பால் அடிக்கப் பழகும் முன் கண்ணைப் பழக்குங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மைதானத்துக்குப் பேஸ்பால் பழக வரும் பிள்ளைகள் எல்லாருமே டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். கிரிக்கெட்டில் பந்து கையை விட்டதும் அது குத்தப்போகிற இடத்துக்குக் கண் தாவிவிடும், அங்கே அது நல்ல பழக்கம்தான். பேஸ்பாலில் பந்து குத்தாமல் நேராக வரும். அதனால் தரைக்குப் போகிற கண்ணை முதலில் மேலே கொண்டுவர வேண்டும், பேட்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

பந்து வீசும் பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து, அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 நொடியில் வந்து சேர்கிறது, அதில் பேட்டை வீசவே ஏறக்குறைய 0.15 நொடி போய்விடும். மீதி கால் நொடியில்தான் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். பிட்சருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் வெள்ளைப் பந்து அதிலேயே கரைந்துவிடும். பெரிய ஸ்டேடியங்களில் அந்தத் திசையை இதற்காகவே கரும்பச்சையாக வைத்திருப்பார்கள். நமக்கு மாந்தோப்பு இருக்கிறது, அது பின்னால் வரும்படி நில்லுங்கள்.

அடுத்தது பார்வை. பிட்சர் தயாராகும்போது அவர் தொப்பியையோ மார்பையோ சாதாரணமாகப் பார்த்திருங்கள், முறைக்க வேண்டாம். கை மேலே வரும் நேரத்தில் பந்து விடுபடும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள், அவர் காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் எளிது. முகத்தையும் நன்றாகத் திருப்புங்கள், இல்லையென்றால், பக்கவாட்டில் நிற்பதால் பிட்சருக்குத் தள்ளியிருக்கும் கண்ணை உங்கள் மூக்கே மறைக்கும்.

இனிச் சொல்வதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான பயிற்சி: அடிக்காமல் நிற்பது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு அடிக்கும் இடத்தில் நில்லுங்கள், பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பிட்சர் வீசட்டும், நீங்கள் பேட்டை அசைக்காமல் பந்து வந்து சேர்வதற்குள் "ஸ்டிரைக்" (பிளேட்டுக்கு மேலே அடிக்கும் உயரத்தில் வரும் பந்து) அல்லது "பால்" (அதற்கு வெளியே விலகிப் போகும் பந்து) என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 25 பந்து போதும். பிள்ளைகளுக்கு இது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு வாரம் விடாமல் செய்தவர்கள் கண்ட பந்துக்கெல்லாம் பேட் வீசுவதைத் தாமாகவே நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

அது பழகியதும் பழைய டென்னிஸ் பந்துகளில் மார்க்கரால் சிவப்பு, நீலப் புள்ளிகள் வையுங்கள். நண்பர் 20 அடி தூரத்திலிருந்து மெதுவாகப் போடட்டும், நீங்கள் நிறத்தைச் சொல்லிவிட்டுப் பிடியுங்கள். பின்னாளில் நிஜப் பந்தின் சிவப்புத் தையல் எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க இது உதவும்.

"பேட்டில் படும்வரை பந்தைப் பார்" என்று சொல்வார்கள். அது மனிதக் கண்ணால் ஆகாத காரியம். 1984இல் பாகில், லாரிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தபோது, தொழில்முறை வீரரின் கண்ணே பிளேட்டுக்கு ஐந்தரை அடி முன்னால் பந்தைத் தவறவிட்டது. கடைசியில் பந்து தெரியவில்லையே என்று பதறாதீர்கள், தலையை மட்டும் ஆடாமல் வைத்திருங்கள்.

தூரத்துப் பந்து மங்கலாகத் தெரிந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். மாலையில் வெளிச்சம் மங்கியதும் நிஜப் பந்தைப் பையில் போட்டுவிடுங்கள்.